ஆரஞ்சுச் சட்டைக்காரர்

அந்த ஆரஞ்சுச் சட்டையை நான் ஒருமுறைகூடத் துவைத்ததில்லை. சட்டை என்பது என் அப்பா அதற்கு வைத்த பெயர். ஆட்டக்காரர்கள் பிப் என்போம். கையில்லாத, வலைபோல் ஓட்டையிட்ட துணி. களத்துக்கு வெளியே உடலைச் சூடேற்றிக்கொண்டிருக்கும் மாற்று ஆட்டக்காரரை உள்ளே ஆடுபவர் என்று நடுவர் நினைத்துவிடாமல் இருக்கச் சீருடைக்கு மேல் மாட்டிக்கொள்வது. என்னிடம் இருந்ததில் விலாப்பக்கத்து எலாஸ்டிக் ஒன்று அறுந்து தொங்கும். முதுகில் நான் படித்த பலதுறைத் தொழிற்கல்லூரியின் சின்னம், பாதி உரிந்துபோய் இருக்கும். ஓர் இறுதியாட்டம் முடிந்த மாலையில் அதைக் கல்லூரியிடம் திருப்பிக் கொடுக்காமல் வியர்வையோடு சுருட்டிப் பையில் திணித்தேன். சிராங்கூன் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பொங்கோலுக்குக் குடிவந்த பிறகு அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அம்மா ஒருநாள் அதைத் துணிகளோடு மெஷினில் போடப் போனார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்தார். கோபம் ஆறிவிடுமோ என்ற பயம் வரும்போதெல்லாம் பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்து அதை முகர்ந்து பார்ப்பேன். ஆறாது.

அதை எனக்கு மாட்டிவிட்டவர் எங்கள் கல்லூரிக் காற்பந்துக் குழுவின் பயிற்றுவிப்பாளர். எல்லாரும் அவரைக் கோச் என்போம்; தமிழில் பேச நேர்ந்தால் நான் மட்டும் சார் என்பேன். அவர் தமிழர், கத்தோலிக்கர். ஆட்டம் தொடங்குமுன் சட்டைக்குள் கிடக்கும் சிலுவையை வெளியே எடுத்து முத்தமிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொள்வார். எவ்வளவு கோபம் வந்தாலும் குரலை உயர்த்தமாட்டார், விசிலைப் பல்லிடுக்கில் கடித்துக்கொள்வதோடு சரி. குழுவில் மலாய்ப் பையன்களும் சீனப் பையன்களும் இருந்தார்கள். தமிழ்ப் பையன் நான் ஒருவன்தான். அவர்களோடு அவர் ஆங்கிலத்தில் பேசுவார், மலாயில் கிண்டலடிப்பார். என்னோடும் ஆங்கிலம்தான், சொல்வது நல்ல சேதியாக இருந்தால். இல்லை என்று சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் பக்கத்தில் வந்து, தோளில் கை போட்டு, தமிழுக்கு மாறுவார். "இந்த வாரம் வேணாம் தம்பி." "கொஞ்சம் வெயிட் பண்ணு லா தம்பி, உனக்கு என்ன அவசரம்." நாளாக ஆக, அவர் வாயில் தமிழ் தொடங்கும்போதே நான் காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிடுவேன். எங்கள் கேப்டன் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கோச் உனக்கு மட்டும் உங்கள் மொழியில் தனியாக நுணுக்கம் சொல்லித் தருகிறார், கொடுத்து வைத்தவன் நீ என்று பேருந்தில் ஒருநாள் பொறாமைப்பட்டான். நான் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்து மேலே படிக்கப் போன முதல் ஆள் நான். அப்பா தேக்கா ஈரச்சந்தையில் ஓர் ஆட்டிறைச்சிக் கடையில் வெட்டுக்கத்தி பிடித்தவர். அவருக்கு முந்திய தலைமுறை தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தது. நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் அப்பா, "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பார். தேர்வு முடிவுத் தாளைக் காட்டினால் இரண்டு கையாலும் வாங்கி, தலைகீழாகப் பிடித்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தருவார். என் படிப்பு அவருக்குக் காது வழியாக மட்டுமே வந்து சேர்ந்த விஷயம். காற்பந்து அப்படியில்லை. கண்ணிருந்தால் போதும், பார்க்கலாம். தன் மகன் வெளியுலகத்தில் என்ன செய்கிறான் என்பதை அப்பா ஒரே ஒருமுறையாவது தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த வயதில் எனக்கு இருந்த ஆசை. வேறு பெரிய லட்சியமெல்லாம் கிடையாது.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதியாட்டத்துக்கு வந்திருந்தோம். வலது ஓரத்தில் வழக்கமாக ஆடும் சீனப் பையனுக்குக் கணுக்கால் சுளுக்கியிருந்தது. கடைசிப் பயிற்சி முடிந்ததும் கோச் என்னைப் பார்த்து, சனிக்கிழமை நீ தொடக்கத்திலிருந்து ஆடுகிறாய் என்றார். ஆங்கிலத்தில் சொன்னார். அதனால் நம்பினேன். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். சனிக்கிழமை விடுப்பு என்பது இறைச்சிக் கடையில் வாயைத் திறந்து கேட்கிற காரியமில்லை; அப்பா கேட்டார். தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்தார். சந்தையில் எதிர்க்கடை மீன்காரரையும் அப்பா துணைக்குக் கூட்டிவந்தார். இருவரும் கையில் பொட்டலம் கட்டிய வடையும், கறுப்புக் குடையுமாக பார்வையாளர் மேடையின் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்ததைக் களத்திலிருந்து பார்த்தேன். அப்பா கையைத் தூக்கவில்லை. வெட்கம். தலையை மட்டும் ஆட்டினார்.

ஆடுகிறவர்களின் பெயர்களைக் கோச் வாசித்தார். என் பெயர் வரவில்லை. கணுக்காலில் பட்டை சுற்றிய பையனின் பெயர் வந்தது. எல்லாரும் எழுந்து போனதும் கோச் என்னிடம் வந்தார். தோளில் கை விழுந்தது.

"தம்பி, கோச்சுக்காத. நம்ம பையன டீம்ல எடுத்ததுக்கே நாலு பேரு நாலு விதமா பேசிட்டாங்க. ஃபைனல்ல நம்ம ஆள இறக்கி, ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும். நீ வார்ம் அப் பண்ணிக்கிட்டே இரு. செகண்ட் ஹாஃப்ல பாக்கலாம்."

நம்ம ஆள். கடையில் இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றும்போது சொல்கிற சொல். முன்பின் தெரியாத ஊரில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிற சொல். அதைச் சொல்லி என் முகத்தில் கதவைச் சாத்த முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் மலாய்ப் பையனாக இருந்திருந்தால் ஆடியிருப்பேன், சீனப் பையனாக இருந்திருந்தாலும் ஆடியிருப்பேன். அவர் தமிழர் அல்லாத வேறு யாராவதாக இருந்திருந்தால் தமிழனாகவே ஆடியிருப்பேன். தன் நேர்மையை ஊருக்குக் காட்ட அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில் நான் இருந்தேன். இந்தக் கணக்கை வேற்று மனிதர் யாரிடம் சொன்னாலும் புரியாது. நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாம் பாதி முழுக்க அந்த ஆரஞ்சுப் பிப்பை மாட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடினேன். மற்ற மாற்று ஆட்டக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். முழங்காலைத் தூக்கி ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம், குனிந்து நிமிர்ந்து மறுபடி ஓட்டம். ஒவ்வொரு தடவை கோச்சைக் கடக்கும்போதும் அவர் வாயைப் பார்ப்பேன். விசில் பல்லுக்கிடையில் இருந்தது. மேடைக்கு எதிரே வரும்போதெல்லாம் ஒரு கைதட்டல் கேட்டது. பந்து அந்தக் கோடியில் இருக்கும், கூட்டம் முழுவதும் அங்கே பார்த்துக்கொண்டிருக்கும், ஒரு ஜோடிக் கை மட்டும் எனக்காகத் தட்டும். இறைச்சி வெட்டிக் காய்த்த கை. சத்தம் தனியாகத் தெரியும். ஆட்டம் முடியும்வரை நான் ஓடினேன், ஆட்டம் முடியும்வரை அப்பா தட்டினார். பெனால்டியில் கோப்பையை வென்றோம். கோச் எல்லாரையும் கட்டிப்பிடித்தார், என்னையும்.

எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது அப்பா பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசும் மனிதரே இல்லை. "எல்லாத்துக்கும் ஒரே கலர் சட்டை, உனக்கு மட்டும் தனிச் சட்டை குடுத்திருக்காங்க. அவனுங்க உள்ளயே முட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. நீ ஒருத்தன்தான் அந்தக் கோட்டக் காத்துக்கிட்டு ஓடுன. ஒரு தடவகூட உக்காரல. பந்து உன் பக்கம் வரவே பயந்துருச்சு." மீன்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காற்பந்து தெரியும். மறுநாள் தொடங்கி, கறி வாங்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா அந்த ஆரஞ்சுச் சட்டைக் கதையைச் சொன்னார். தொடைக்கறியா நெஞ்செலும்பா என்று கேட்கும் அதே மூச்சில் சொன்னார். சிலர், அப்படியா அண்ணே என்றார்கள். ஆட்டம் தெரிந்த சிலர், கடையோரம் நிற்கும் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கறியைப் பார்த்தார்கள். மீன்காரர் மட்டும் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து மென்மையாகச் சிரிப்பார். காட்டிக்கொடுக்கமாட்டேன் என்கிற சிரிப்பு. எந்த வசவையும் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் கோச்சை என்றைக்கும் மன்னிப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

பயிற்றுவிப்பாளர் ஆனதற்குக் காரணம் கேட்கிறவர்களிடம், காற்பந்துமேல் உள்ள காதல் என்று சொல்லிவைத்திருக்கிறேன். காதல் இல்லாமலும் இல்லை. ஆனால் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை முடிந்ததும் பகலில் அலுவலக வேலை, மாலையில் பயிற்றுவிப்பாளர் வகுப்பு என்று அலைந்தபோது என்னைத் தூக்கி நிறுத்தியது அது அல்ல. பந்து நிறைந்த வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நெரிசலில் நிற்பேன். யாராவது முகம் சுளிப்பார்கள். ஃபேரர் பார்க் திடலில் மழை நிற்கக் காத்திருந்து, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூம்பு வைத்து ஓடக் கற்றுக்கொடுப்பேன். தேர்வில் ஒருமுறை தவறினேன், மறுபடி எழுதினேன். அப்போதெல்லாம் மனத்துக்குள் ஒரே காட்சிதான் ஓடும். நான் பெயர்களை வாசிக்கிறேன். எதிரே கோச் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் வரவில்லை. வேடிக்கையான காட்சி, அவர் என்ன என் குழுவில் ஆடவா போகிறார்? இருந்தாலும் அது ஓடும். பிள்ளைகள் அணியிலிருந்து இளையர் அணி, அங்கிருந்து உதவிப் பயிற்றுவிப்பாளர், கடைசியில் ஓர் அமெச்சூர் காற்பந்து மன்றத்தின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் என்று வந்து சேர்ந்தேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் கவலைப்பட்டார். "ஓடுற வேலைய விட்டுட்டு ஓரமா நின்னு கத்துற வேலைக்குப் போயிட்டியேப்பா. ஏதும் தப்பு பண்ணிட்டியா?"

பிறகு கோச்சே வந்தார். கல்லூரி வேறு ஆளை எடுத்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டது. பயிற்றுவிப்பாளர் உரிமம் காலாவதியாகாமல் இருக்க ஏதாவது ஒரு குழுவில் அவர் இருந்தாக வேண்டும். எங்கள் மன்றச் செயற்குழுவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். முடிவு என் கையில் விடப்பட்டது. ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றேன். செயற்குழுப் பெரியவர் ஒருவர் நெகிழ்ந்துபோனார். "படிச்ச பையன் படிச்ச பையன்தான் லா. பழைய கோச்ச மறக்கல பாரு." மறக்கவில்லை என்பது உண்மைதானே. அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதல் நாள் அவர் ஆட்டக்காரர்கள் முன்னால் என்னைக் கோச் என்று அழைத்தார். முடி முழுக்க நரைத்து, நடையில் ஒரு பக்கச் சாய்வு வந்திருந்தது. மாற்று ஆட்டக்காரர்களைச் சூடேற்றும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தேன். அதை மட்டும்தான் கொடுத்தேன். உத்தி பேசும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. பயிற்சியின்போது கூம்புகளை அடுக்கச் சொன்னேன். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சார், தண்ணி குடிச்சீங்களா சார் என்று ஆளைவிட்டுக் கேட்பேன். அவர் எதையும் மறுக்கவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு தடவை முகம் சுளித்திருந்தால் போதும், பாதிக் கணக்கு தீர்ந்திருக்கும். அவருக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. நினைவில்லாத மனிதரைப் பழிவாங்குவது சுவரிடம் சண்டைபோடுவது மாதிரி.

போன பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் மேல்பிரிவுக்குப் போவோம். அப்பா வேலையை விட்டு ஓய்ந்திருந்தார். அன்றைக்கு வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் கோச் என்னிடம் வந்தார். எங்கள் மன்றத்துக்கு வந்த பிறகு முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா? செகண்ட் ஹாஃப்ல உங்க பக்கத்துல உக்காந்துக்கவா? அவங்க லெஃப்ட் பேக் மேல ஏறிட்டா திரும்பி வரவே மாட்டேங்கிறான். அங்க எடம் கெடக்கு. பக்கத்துல இருந்தா நேரத்துக்கு நேரம் சொல்லுவேன்."

அவர் தோளில் கை போட்டேன். இதற்காக எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

"கோச்சுக்காதீங்க சார். நம்ம ஆளுன்னு உங்கள எடுத்ததுக்கே நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. பக்கத்துல வேற உக்கார வச்சா என் தலைதான் உருளும். நீங்க பசங்களுக்கு வார்ம் அப் பாத்துக்குங்க. அப்புறம் சார், வெளிய ஓடுற ஆபீஷியலும் பிப் போடணுமாம், ரூல்."

அப்படி ஒரு விதி கிடையாது. அவருக்கும் தெரியும். பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தேன். அவர் விரித்தார். நாள்பட்ட வாடை எழுந்தது. முன்னும் பின்னும் திருப்பினார். பாதி உரிந்த சின்னத்தின்மேல் கட்டைவிரல் போய் நின்றது, அங்கேயே நின்றது. பிறகு சிலுவைச் சங்கிலி சிக்காமல் ஒதுக்கிவிட்டு, தலை வழியாக மாட்டிக்கொண்டு, அறுந்த எலாஸ்டிக்கை இடுப்பில் செருகினார். அவருக்கு நினைவிருக்கிறது. எல்லாம் நினைவிருக்கிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான நிமிடம் இன்னொன்று வந்ததில்லை என்று கூசாமல் சொல்கிறேன்.

இரண்டாம் பாதியில் அவர் சொன்ன இடத்துக்கே என் வலது ஓரக்காரனை அனுப்பினேன். கோல் விழுந்தது. யோசனை யாருடையது என்று யாருக்கும் சொல்லவில்லை. கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்தச் சத்தம் அடங்கும்போதுதான் இன்னொன்று கேட்டது. தனியாக ஒரு ஜோடிக் கை. எனக்கு எதற்கு இப்படித் தட்டுகிறார் என்று திரும்பினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. எல்லைக்கோட்டோரமாக, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, பையன்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வரும்போது மறுபடியும். மறுபடியும். கோச் ஒருமுறை நின்று, மேடைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் அப்பா படியிறங்கி வந்தார். என்னைத் தாண்டிக்கொண்டு போய்க் கோச்சின் கையைப் பிடித்தார். "இப்ப நீங்கதான் அந்த எடத்துலயா? என் மவன் காலேஜ்ல ஓடுன எடமுங்க அது. இந்த வயசுலயும் ஒக்காரவே இல்லியே நீங்க." கோச் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் என் அப்பாவின் இத்தனை வருடச் சந்தோஷமும் அவர் கைக்குப் போய்விட்டது. ஒரு வார்த்தை போதும். அவர் உண்மையைச் சொன்னாலே போதும். நான் அவருக்குச் செய்ததற்கு அவர் பதிலுக்குச் செய்ய வேண்டிய நேரம் அது.

"உங்க மகன் அளவுக்கு வராதுங்க," என்றார். "அந்தக் கோட்டுல அவர் ஓடுன மாதிரி நான் வேற யாரையும் பாத்ததில்ல. நான்தான அன்னைக்குக் கோச்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்தது ஆத்திரம். என் பழியை என் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு, என் அப்பாவுக்குப் பரிசாகவும் கொடுத்துவிட்டார். இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம். மீன்காரரின் அந்தச் சிரிப்பு இப்போது இவர் முகத்திலும் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவர் குனிந்து கூம்புகளைப் பொறுக்கத் தொடங்கியிருந்தார். அவரை மன்னித்துவிட்டேன் என்று இதைப் படிக்கும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்று நான் ஆடியிருக்க வேண்டும். அப்பா பார்த்திருக்க வேண்டியது அந்த ஆட்டத்தைத்தான். அதை எந்த நல்ல வார்த்தையும் திருப்பித் தராது.

புதிய பருவம் நாளை தொடங்குகிறது. இன்று மாலை பயிற்சிக்குப் போனபோது என் நாற்காலியில் ஒரு காகிதப் பை இருந்தது. உள்ளே அந்த ஆரஞ்சுப் பிப். துவைத்து, மடித்து, அறுந்த எலாஸ்டிக்கை ஆரஞ்சு நூலாலேயே தைத்திருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை. இத்தனை வருடம் முடிச்சுப் போட்டு நான் காப்பாற்றி வைத்திருந்ததை அந்த மனிதர் ஒரே தண்ணீரில் அலசிவிட்டார். அவர் கூம்புகளுக்கு நடுவில் நின்று பையன்களிடம் மலாயில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு அப்பா வருகிறேன் என்றிருக்கிறார். வெள்ளைச் சட்டையை அம்மா எடுத்து வைத்துவிட்டார். நான் பெயர்களை வாசிப்பேன். பிறகு அவரிடம் போய், போட்டுக்கங்க சார் என்று இதை நீட்டுவேன். அவர் ஓடுவார், அப்பா தட்டுவார். நான் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், திரும்பமாட்டேன்.